மே மாதத்தில் பத்து நாள் நோர்வே

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில், மே 20-க்கும் 30-க்கும் இடையே, ஒன்பது இரவுகள் நோர்வேயில் தங்க முடியுமாம். அவர், மனைவி, 14 வயது மகள், 9 வயது மகன், 68 வயது அம்மா என ஐந்து பேர். அம்மா சைவம், முழங்கால் வலியும் உண்டு. தலைநகர் ஒஸ்லோ, மேற்குக் கரையின் பேர்கன் நகரம், கெய்ராங்கர் கடற்கழி, வடக்கே லொஃபோத்தன் தீவுகள், வடகோடியில் நோர்ட்காப் முனை ஆகிய ஐந்தையும் வாடகைக் காரில் சுற்றி, இரவு வானில் நிறநிறமாக அலையும் துருவ ஒளியையும் (அரோரா) பார்த்துவிட்டுத் திரும்ப ஓர் அட்டவணை வேண்டும் என்கிறார். கேட்டது அட்டவணை. எனக்குக் கேட்டது வேறொரு கேள்வி: வாழ்நாளில் ஒருமுறை வருகிறோம், இவ்வளவு பணம் செலவழிக்கிறோம், முக்கியமான எதையாவது தவறவிட்டுவிடுவோமா? அந்தக் கவலை தீர்ந்தால் அட்டவணை தானாக அமைந்துவிடும்.

நான் 1989-ல் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்தேன். அக்காலத்தில் வந்த ஈழத்தமிழர் பலரையும் போல முதலில் வடகோடியில், ஃபின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலையில் வேலை. மூன்று ஆண்டுகள் கழித்துப் பேர்கனுக்கு வந்து, பிறகு 17 ஆண்டுகள் பஸ் சாரதியாக இருந்தேன். அதில் பெரும்பகுதி மேற்குக் கரையின் வோஸ், குட்வாங்கன், ஃப்ளோம், ஹர்டாங்கர் வழித்தடங்கள். ஆகவே மேற்குக் கரையைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். வடக்கைப் பற்றிச் சொல்வது அங்கே வாழ்ந்தவன் சொல்வது, ஆனால் அங்கே நான் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றதில்லை.

முதலில், சந்தேகமே இல்லாத ஒன்று. மே மாத இறுதியில் துருவ ஒளி தெரியாது. அந்த ஒளி கோடையிலும் வானில் இருக்கக்கூடும். ஆனால் அதைக் காண இருட்டு வேண்டும், அந்த நாட்களில் வடக்கே இருட்டு என்பதே கிடையாது. வடக்கே உள்ள ட்ரொம்சோ நகரத்தில் ஏறத்தாழ மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை. நோர்ட்காப்பில் மே 14 அளவிலேயே அந்தக் காலம் தொடங்கிவிடும். துருவ ஒளிக்கான பருவம் செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் இறுதி வரை. மே மாதத்தில் அதைக் காட்டுவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்களுக்குக் கிடைக்கப்போவது நள்ளிரவுச் சூரியன். அது துருவ ஒளிக்குக் குறைந்ததல்ல என்பது என் எண்ணம். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வெளியே வரும்போது, இரண்டு மணிக்குக் கடல் முழுவதும் மஞ்சள் வெயில் படிந்திருக்கும். பறவைகள் தூங்காமல் கத்திக்கொண்டிருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வெளிச்சத்தைப் போல வேறொன்றை நான் கண்டதில்லை. துருவ ஒளிதான் உங்கள் உண்மையான ஆசை என்றால், இந்தப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு பிப்ரவரி அல்லது மார்ச்சில் ஒரு வாரம் ட்ரொம்சோவுக்கு மட்டும் வாருங்கள். அப்போதும் மேகம் மூடினால் தெரியாது, குறைந்தது நான்கு இரவுகளாவது கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது தூரம். வரைபடத்தில் நோர்வே ஒல்லியாகத் தெரிவதால் அதன் நீளம் கண்ணை ஏமாற்றிவிடுகிறது. தென்முனைக்கும் வடமுனைக்கும் இடையே நேர்கோட்டிலேயே சுமார் 1,750 கிலோமீட்டர், அதாவது கன்னியாகுமரிக்கும் போபாலுக்கும் இடையிலுள்ள தூரத்தைவிடச் சற்று அதிகம். அதுவும் பறவை பறக்கும் தூரம். தரையில் மலையைச் சுற்ற வேண்டும், மலைகளுக்கு நடுவே நுழைந்த கடற்கழியைச் சுற்ற வேண்டும், அல்லது படகுத்துறையில் காத்திருந்து மறுகரைக்குப் போக வேண்டும். ஊருக்கு வெளியே பொதுவான வேக வரம்பு 80 கிலோமீட்டர்தான். மேற்குக் கரையில் நான் வைத்திருந்த கணக்கு, நூறு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். இந்தக் கணக்கில் பேர்கனிலிருந்து கெய்ராங்கர் போக ஒரு முழுப் பகல் கழிந்துவிடும். ட்ரொம்சோவிலிருந்து நோர்ட்காப் 500 கிலோமீட்டருக்கு மேல், போக ஒரு நாள், வர ஒரு நாள். நீங்கள் எழுதிய ஐந்தையும் காரில் முடித்தால், ஒன்பது நாளில் ஏழு நாள் வண்டிக்குள்ளேயே இருப்பீர்கள். அம்மாவின் முழங்கால் அதைத் தாங்காது, ஒன்பது வயதுப் பையனின் பொறுமையும் தாங்காது.

மே மாதத்துக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. கீழே ஆப்பிள் மரம் பூத்திருக்கும்போது மேலே மலைச்சாலையில் சுவர் உயரத்துக்குப் பனி நிற்கும். ட்ரோல்ஸ்டீகன் போன்ற புகழ்பெற்ற மலைச்சாலைகள் குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும். மே இறுதிக்குள் அவை திறக்குமா என்பது அந்த ஆண்டுப் பனியையும் பாறைச் சரிவையும் பொறுத்தது. மேற்கே அவுர்லான்டு என்ற சிற்றூருக்கு மேலே போகும், ‘பனிச்சாலை’ எனப்படும் மலைச்சாலை வழக்கமாக ஜூனில்தான் முழுவதும் திறக்கும். ஆகவே மலைச்சாலையை நம்பி எந்த ஹோட்டலுக்கும் முன்பணம் கட்டாதீர்கள். மறுபக்கம், மே மாதம் தருவதை ஜூலை தராது. பனி உருகும் காலம் என்பதால் அருவிகள் நிறைந்து விழும். ஜூலையில் வெறும் நூலாகத் தொங்கும் அருவி மே இறுதியில் சாலைக்கே சாரல் அடிக்கும். பேர்கனுக்குக் கிழக்கே ஹர்டாங்கர் பகுதியில் ஆப்பிள், பிளம், செரி தோட்டங்கள் நடு மே முதல் பூக்கத் தொடங்கும். எத்தனை பருவம் பார்த்தாலும் அந்தப் பாதையில் பஸ் ஓட்டிய மே மாதங்கள்தான் எனக்குப் பிடித்தவை. ஜூலைக் கூட்டமும் அப்போது இருக்காது.

இவற்றையெல்லாம் வைத்து நான் சொல்லும் திட்டம் இது. காரை விட்டுவிடுங்கள். ஒஸ்லோவில் இரண்டு இரவு, அவுர்லான்டில் இரண்டு, பேர்கனில் இரண்டு, ட்ரொம்சோவில் இரண்டு, கடைசி இரவு மறுபடியும் ஒஸ்லோ. பட்டியலில் கெய்ராங்கர், லொஃபோத்தன், நோர்ட்காப் மூன்றும் விழுந்துவிட்டன என்று வருந்தாதீர்கள். கெய்ராங்கருக்கு இணையானது அவுர்லான்டுக்கு அருகிலுள்ள நேர்யோ பியோர்ட் (பியோர்ட் என்றால் கடற்கழி), 2005-ல் யுனெஸ்கோ இரண்டையும் சேர்த்தே உலக மரபிடமாக அறிவித்தது. நோர்ட்காப்பில் இருப்பது கடலுக்கு மேல் 307 மீட்டர் உயரத்தில் ஒரு பாறைமேடு. அதில் நின்றோம் என்ற நிறைவுக்காகப் போகிறவர்களை மதிக்கிறேன், ஆனால் அங்கே தெரியும் அதே சூரியன் ட்ரொம்சோவிலும் தெரியும். லொஃபோத்தனை இழப்பதுதான் உண்மையான இழப்பு. அதற்கு நான்கு நாளாவது வேண்டும், அந்தச் சாலைகளில் அவசரப்படவும் முடியாது.

ஒஸ்லோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விகெலான் பூங்காவின் 200-க்கு மேற்பட்ட சிற்பங்களைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஓபரா மாளிகையின் சாய்ந்த கூரைமீது பிள்ளைகள் நடந்து ஏறலாம். பழைய வழிகாட்டி நூல்கள் வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தை முதலிடத்தில் வைத்திருக்கும். அது விரிவாக்கப் பணிக்காக 2022-ல் மூடப்பட்டது, திறந்துவிட்டதா என்று பார்த்த பிறகே திட்டத்தில் சேருங்கள். அம்மாவுக்குக் கோவில் பார்க்க வேண்டுமென்றால் நகரின் புறப்பகுதியில் முருகன் கோவில் இருக்கிறது. தமிழ்க் கடைகளும் உண்டு, பொன்னி அரிசியும் சாம்பார்ப் பொடியும் கிடைக்கும்.

ஒஸ்லோவிலிருந்து பேர்கன் போகும் ரயிலில்தான் பயணத்தின் இதயம் இருக்கிறது. 1909-ல் திறந்த பாதை. முழுதும் போனால் ஆறரை முதல் ஏழு மணி நேரம். காட்டையும் ஏரிகளையும் கடந்து ஏறி, கடல்மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்ஸே நிலையத்தை அடையும். அந்த ஊருக்குக் கார் போகும் சாலையே கிடையாது. மே இறுதியிலும் அங்கே சுற்றிலும் வெண்பனிதான். நீங்கள் வழியில் மீர்டால் நிலையத்தில் இறங்கி, கழிக்கரையிலுள்ள ஃப்ளோம் ஊருக்குப் போகும் ஃப்ளோம் ரயிலுக்கு மாற வேண்டும். 20 கிலோமீட்டரில் 866 மீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்கும் பாதை அது, ஒரு மணி நேரம், 20 சுரங்கங்கள். நடுவில் ஷோஸ் அருவியில் ரயிலை நிறுத்தி ஐந்து நிமிடம் இறங்க விடுவார்கள். அம்மாவுக்கு மழைக்கோட்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஒரு திருத்தத்தை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். பெரும்பாலானோர் இந்த ரயில், ஃப்ளோம் ரயில், படகு, பஸ், மறுபடி ரயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துப் பேர்கன் போய்விடுகிறார்கள். ஒரே பொதியாக விற்கிறார்கள், வசதியும்கூட. ஆனால் ஆண்டுக்கணக்காக அந்தப் பயணிகளைக் குட்வாங்கன் படகுத்துறையில் ஏற்றியவன் நான். பின்மதியத்தில் பஸ்ஸில் ஏறும்போது பாதிப் பேர் இருக்கையில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள், ஜன்னலுக்கு வெளியே நேர்யோ பள்ளத்தாக்கு நின்றுகொண்டிருக்கும். ஃப்ளோமில் பகல் நேரத்தில் பெரிய பயணக் கப்பல்கள் நிற்கும், கூட்டம் நெரியும். மாலையில் கப்பல்கள் போன பிறகு அந்தக் கழி தன் அமைதிக்குத் திரும்பும். அதற்காகத்தான் இரண்டு இரவு. சிறிது தள்ளியுள்ள அவுர்லான்டில் தங்கினால் இன்னும் நல்லது. சமையலறையுடன் கூடிய மரக்குடில்கள் கிடைக்கும். நடுவில் உள்ள நாளில் 650 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்தேகஸ்தைன் காட்சிமேடைக்குப் போகலாம், அதுவரை சாலை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். மாலையில் எதுவும் செய்யாதீர்கள். கரையில் உட்காருங்கள். பத்தரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

பியோர்ட் என்றால் என்ன என்று மகன் கேட்பான், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பனியுகங்களில் பனியாறுகள் மலையை ஆழமாக அரித்துப் போட்ட பள்ளத்தாக்கு, பனி போன பிறகு கடல் புகுந்து கழியாகிவிட்டது. சோக்னே பியோர்ட் நாட்டுக்குள் 200 கிலோமீட்டருக்கு மேல் நுழைந்திருக்கிறது, ஆழம் 1,308 மீட்டர் வரை. கடலோடு சேரும் வாயில் மட்டும் ஆழம் மிகக் குறைவு, பனிக்கட்டி அங்கே அகன்று மெலிந்து வலுவிழந்துவிட்டதுதான் காரணம். நீங்கள் படகில் போகும் நேர்யோ அதன் ஒரு கிளை. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 250 மீட்டர்தான், இருபுறமும் மலை ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும். ஃப்ளோமிலிருந்து குட்வாங்கனுக்கு இரண்டு மணி நேரம். இப்போது மின்கலத்தில் ஓடும் புதிய கப்பல்கள் வந்திருக்கின்றன. எஞ்சின் இரைச்சல் இல்லாததால் அருவிச் சத்தம் காதில் விழும். சாய்வான நடைவழி இருப்பதால் அம்மா படியேறாமலே மேல்தளத்துக்குப் போகலாம். டிக்கெட் எடுக்கும்போது அந்தக் கப்பல்தானா என்று பார்த்து எடுங்கள். குட்வாங்கனிலிருந்து வோஸுக்குப் பஸ், அங்கிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் பேர்கன்.

பேர்கனில் மழை பெய்யும். இதை நிகழ்தகவாகச் சொல்லவில்லை, திட்டத்தில் சேர்க்க வேண்டிய பொருளாகச் சொல்கிறேன். ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் ஊர் இது. மே மாதம் ஒப்பளவில் வறண்டது, ஆனாலும் எந்த நாள் வெயில் என்று மூன்று நாளுக்கு முன்னால் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பேர்கனின் இரண்டு நாட்களில் எது ஹர்டாங்கர், எது நகரம் என்பதை முதல் நாள் இரவு வானிலை பார்த்து முடிவு செய்யுங்கள். ஹர்டாங்கருக்குப் பஸ்ஸில் நூர்ஹெய்ம்சுண்ட் வரை போய்வரலாம். அருகில் ஸ்டெயின்ஸ்டால் அருவி, விழும் நீரின் பின்னால் நனையாமல் நடக்கலாம். பாதை குட்டையானது, கொஞ்சம் ஏற்றம். நகரத்தில் ப்ரிக்கன் மரவீடுகளும், ஃப்ளோயன் குன்றுக்கு ஏறும் இழுவை ரயிலும் போதும். குடை வேண்டாம், காற்று அதைப் பிய்த்துவிடும். தொப்பியுள்ள மழைக்கோட்டுதான் சரி.

பேர்கனிலிருந்து ட்ரொம்சோவுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். தெற்கிலிருந்து வரும் நோர்வேயின் ரயில் பாதை பூடோ நகரத்தோடு நின்றுவிடுகிறது, ட்ரொம்சோவுக்கு ரயில் கிடையாது. அங்கே கேபிள் காரில் ஸ்டோர்ஸ்தைனன் குன்றின் 421 மீட்டர் உயரத்துக்கு ஏறி நள்ளிரவைப் பாருங்கள். மே பிற்பகுதியில் நள்ளிரவுச் சூரியன் தொடுவானத்தை ஒட்டியே நிற்கும், ஊருக்குள் இருந்தால் மலை மறைத்துவிடும். மேலே பனி கிடக்கும், வெப்பம் பூச்சியத்தை ஒட்டி இருக்கலாம், கையுறையும் காதுமூடும் தொப்பியும் வேண்டும். மேகம் இருந்தால் சூரியன் தெரியாது, இதில் யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதற்காகத்தான் அங்கேயும் இரண்டு இரவு. பிள்ளைகள் தூங்க மறுப்பார்கள். கண்ணை மூடும் துணிப்பட்டி ஆளுக்கு ஒன்று கொண்டுவாருங்கள்.

கார் வேண்டாம் என்று சொன்னதற்குத் தூரம் மட்டும் காரணமில்லை. யாழ்ப்பாணத்தில் இடப்பக்கம் ஓட்டப் பழகிய எனக்கு இங்கே வலப்பக்கம் உடம்பில் ஏற மாதக்கணக்கில் ஆயிற்று. இங்கே கிராமச் சாலைகளில் ஒரு வண்டிதான் போகும், எதிரே பஸ் வந்தால் ஒதுங்குமிடம் வரை பின்னோக்கி ஓட்ட வேண்டும், பக்கத்தில் தண்ணீர். படம் எடுப்பதற்காக வளைவில் வண்டியை நிறுத்தியவர்களை நான் பலமுறை கடைசி நொடியில் தவிர்த்திருக்கிறேன். என்றாவது நீங்கள் கார் எடுத்தால் இதை மட்டும் செய்யாதீர்கள்.

ரயிலில் 67 வயது நிறைந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம், 6 முதல் 17 வயதுவரைக்கும் பாதி. அம்மாவின் கடவுச்சீட்டே சான்று. நீண்ட தூர ரயிலில் முன்கூட்டி எடுத்தால் மலிவு டிக்கெட் உண்டு, அது சில நேரம் முதியோர் சலுகையைவிடவும் குறைவாக இருக்கும், இரண்டையும் ஒப்பிடுங்கள். உணவகத்தில் ஒரு தட்டு உணவு 200 குரோனருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. நாட்டில் குரோனர்தான் செல்லும், யூரோ அல்ல. ஆனால் எல்லா இடத்திலும் அட்டை எடுத்துக்கொள்வார்கள். சிறு ஊர்களில் சைவம் என்றால் உருளைக்கிழங்கும் ரொட்டியும் சாலடும்தான், ஆகவே குடிலில் சமைப்பது பணத்துக்கும் அம்மாவுக்கும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். இந்தியாவிலிருந்து பொடிகள், அரிசி, பருப்பு கொண்டுவரலாம். இறைச்சியும் பால் பொருட்களும் கூடாது, அதில் நெய்யும் பால்கோவாவும் அடங்கும். குழாய்த் தண்ணீரையே குடியுங்கள்.

விசாவைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது விதிகளை மட்டுமே, முடிவு அதிகாரியின் கையில். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் பல ஐரோப்பிய நாடுகள் ஒரே விசாவை ஏற்கும் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஷெங்கன் விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் விசா விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கடினம் என்று என் உறவினர்கள் சொல்கிறார்கள். பிப்ரவரியிலேயே தொடங்குங்கள், விசா வரும்வரை திரும்பப் பெறக்கூடிய முன்பதிவுகளையே செய்யுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. நான்கு நாள் முன்னதாகப் புறப்பட முடியுமா? மே 16 அன்று ஒஸ்லோவில் இறங்கினால் மறுநாள் நாட்டின் தேசிய நாள், 1814-ல் அரசியலமைப்பு கையெழுத்தான நாள். அன்று ராணுவ அணிவகுப்பு இருக்காது. பள்ளிப் பிள்ளைகள்தான் கொடியோடு ஊர்வலம் போவார்கள், அரச குடும்பம் அரண்மனை மாடத்தில் நின்று மணிக்கணக்கில் அவர்களுக்குக் கையசைக்கும். ஊரே பாரம்பரிய உடையில் தெருவில் இருக்கும். உங்கள் மகளும் மகனும் பட்டுப்பாவாடையும் வேட்டியும் உடுத்தி வந்தால் இன்னும் பொருத்தம், எங்கள் பிள்ளைகள் பலர் அப்படித்தான் நடந்திருக்கிறார்கள். உள்ளே கம்பளி இருக்கட்டும். அந்தக் கணக்கில் 22-ஆம் தேதி ட்ரொம்சோ போய்ச் சேருவீர்கள், சூரியன் மறையாத நாட்கள் தொடங்கியிருக்கும். தேசிய நாளன்று கடைகள் எல்லாம் மூடியிருக்கும், ஒஸ்லோவில் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். சம்மதம் என்றால் அந்த இரண்டு இரவுகளுக்கான அறையை முதலில் பிடித்துவிட்டு, மற்றதைப் பிறகு பாருங்கள்.